பழவேற்காடு முதல் ஸ்ரீஹரிகோட்டை வரை: எல்லைப்புற மரப்பெயர்களும் காட்டு வரலாறும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், காளங்கி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது சூளூர்பேட்டை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னை மாநிலத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக உடன் உறையும் இப்பகுதியில், மரப்பெயர்கள் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே பயன்படும் சான்றுகளாகும்.

முதற்கண் பழவேற்காட்டை நோக்கலாம். இப்பெயரை மரவேர்களோடு இயைத்துப் பொருள் கூறுவாரும் உளர். புணர்ச்சி விதி அதற்கு இடந்தரவில்லை. வேர் என்பது காடு என்பதோடு புணரின் 'வேர்க்காடு' என்றாகும்; 'வேற்காடு' என றகரம் தோன்றுவதற்கு நிலைமொழி லகர ஈறாக இருத்தல் வேண்டும். எனவே அது வேல், அதாவது வேலமரம் எனக் கொள்வதே தக்கது. வெள்வேல மரத்தைத் தலமரமாகக் கொண்ட திருவேற்காடும் இதனை வலியுறுத்தும். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ழகரமும் றகரமும் மறைந்து, 'புலிகாட்' என்று எழுதப்பட்டபோது மரமும் பெயரினின்று மறைந்தது. ஒலிபெயர்ப்பு வரலாற்றை அழிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஸ்ரீஹரிகோட்டைத் தீவில், கோரமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு எஞ்சியுள்ளது. சென்னைக்கு விறகு பெறும் பொருட்டு 1835இல் அரசு இத்தீவைக் கைக்கொண்டதாகத் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பு குறிப்பிடுகிறது. பின்னர்ச் சவுக்கும் தைலமரமும் நடப்பட்டன. 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ஏவூர்தி செலுத்தப்பட்டது. ஏவுதளத்தின் காவல் காட்டிற்கும் காவலாயிற்று. ஆயின் அக்காட்டின் தேனையும் கிழங்கையும் மூலிகையையும் அறிந்திருந்த யானாதியர் பலர் தீவினின்று பெயர்க்கப்பட்டனர். மரம் நிற்க, அதனைப் பெயர்சொல்லி அழைப்போர் அகன்ற நிலை இது. மரத்தைக் கணக்கிடுவோர் சொல்லைக் கணக்கிடுவதில்லை.

இக்காட்டு மரங்களுள் இரண்டு மொழிபெயர்ப்பாளரின் தனிக்கவனத்திற்குரியன. ஒன்று, தெலுங்கர் 'பால' என்றும் தமிழர் பாலை, உலக்கைப்பாலை என்றும் வழங்கும் மரம். ஈழத்து வன்னியில் பாலைப்பழம் என்றால் இதன் கனியையே குறிக்கும். வெட்பாலையோ முற்றிலும் வேறு குடும்பத்தது. இரண்டையும் பிணைப்பது பால் வடிதல் ஒன்றே. பாலையைக் கண்டவுடன் 'பாலைவனம்' என எழுதும் பழக்கம் இவ்விரு மரங்களையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. மற்றொன்று 'அல்லி'. தெலுங்கில் இச்சொல் நீர்ப்பூவை மட்டுமன்றி, தமிழில் காயா எனப்படும் நீலப்பூ மரத்தையும் குறிக்கும். தெலுங்கு அல்லியை ஆராயாது தமிழ் அல்லியாக்கினால், கடற்கரை மணற்காட்டில் ஆம்பல் பூத்துவிடும்!

பொதுச்சொற்களும் எளியன அல்ல. தெலுங்குச் 'செட்டு' மரத்தையும் குறிக்கும். தமிழ்ச் 'செடி' குறிப்பதில்லை. காடு என்பது கொங்கு வழக்கில் புன்செய் நிலம். தெலுங்கில் வனத்திற்கு இன்று பெருவழக்காயிருப்பது 'அடவி', 'காடு' என்பதோ சுடுகாட்டையும் உணர்த்தும். ஆகவே காடு என முடியும் ஊர்ப்பெயரெல்லாம் பழைய வனத்தின் சுவடெனக் கொள்ளல் ஆகாது. பழவேற்காட்டில் அவ்வாறு கொள்ள இடமிருப்பது, முன்னே மரப்பெயர் நிற்பதனாலேயாம்.

சூளூர்பேட்டைக்கு வடக்கே நேலபட்டுப் பறவைகள் புகலிடத்தில் கூழைக்கடாக்கள் கூடுகட்டும் நீர்க்கடம்பும் இத்தகையதே. பெயரில் கடம்பு இருப்பினும், தாவரவியலில் அது கடம்பின் குடும்பத்தைச் சேராது.

பழைய வேலின் இடத்தை இக்கரையில் பெரிதும் பற்றியிருப்பது அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த முள்மரம். தமிழர் அதனைச் சீமைக்கருவேல் என்றனர். தெலுங்கர் 'சர்க்கார் தும்ம' என்றனர். ஒருவர் அதன் அயன்மையைப் பெயரில் வைத்தார். மற்றவர் அரசைப் பெயரில் வைத்தார்.