எக்ஸ்பி இன்னும் ஓடுகிற ஊர்

சிவகாசியின் கதையைத் தீப்பெட்டியில்தான் தொடங்குவார்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம் வந்தது. பிறகு பட்டாசும் காலண்டரும் சேர்ந்து அச்சகங்களை வளர்த்தன. நான் இந்த ஊரில் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கிற வேலை பார்க்கிறவள். அச்சடித்த சரக்கு ஊர் ஊராகப் போய்விடும். அதன் மூலப்படி எங்கே தங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

லித்தோ காலத்தில் மூலம் கல்லில் இருந்தது. ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஆர்டர் முடிந்ததும் கல்லைத் தேய்த்து, அடுத்த படத்தை ஏற்றுவார்கள். ஆப்செட் வந்ததும் மூலம் பிலிமுக்கு மாறியது. கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் சாமி படங்கள் இங்கே காலண்டராக அச்சாகி வீட்டுச் சுவர்களில் ஏறின. கல்லும் பிலிமும் போனாலும், ஒரு பழைய காலண்டர் கிடைத்தால் அந்தப் படத்தை ஸ்கேன் எடுத்துவிடலாம். கணினி வந்த பிறகுதான் மூலம் கண்ணுக்குத் தெரியாத பொருளானது.

எங்கள் தலைமுறை வேலை கற்றது பேஜ்மேக்கர், கோரல்டிரா என்ற மென்பொருள்களில். பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 1994இல் அடோபியிடம் போனது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. தமிழுக்கு அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் ஒரு எழுத்துரு விற்றது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள். 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்த பிறகு டாம், டாப் என்று அரசு இரண்டு தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு வந்தது. அதற்குள் இந்த ஊரில் எத்தனையோ வருஷத்துக் காலண்டரும் லேபிளும் பழைய எழுத்துருக்களில் அடித்து முடிந்திருந்தன.

அப்படி ஒரு தினசரி காலண்டர் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், ராசி பலன் என்று ஒவ்வொரு தாளிலும் பொடி எழுத்தில் நிறைந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வரிகளை ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாகக் கிடக்கும். இன்றைய இன்டிசைன் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறப்பதே இல்லை. எழுத்துரு, மென்பொருள், விண்டோஸ் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது காலண்டர்.

எங்கள் பேஜ்மேக்கர் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பியில். 2014 ஏப்ரலில் அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. பழைய சிபியுக்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன. அப்போதுதான் எங்களில் சிலர் வெர்ச்சுவல் மெஷினைப் பிடித்துக்கொண்டோம். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் இந்த யோசனை பழையது. ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்காக 1972இலேயே விஎம்/370 வெளியிட்டது. மேசைக் கணினிக்கு விஎம்வேர் 1999இல் வந்தது, விர்ச்சுவல்பாக்ஸ் 2007இல். விண்டோஸ் 7உடன் மைக்ரோசாஃப்டே 'எக்ஸ்பி மோட்' கொடுத்தது, ஆனால் ஹோம் பதிப்புக்கு இல்லை. மைக்ரோசாஃப்டின் இன்னொரு வெர்ச்சுவல் மெஷின் நிரலான ஹைப்பர்-வியும் அப்படியே. வீட்டில் ஹோம் பதிப்பு வைத்திருந்த எங்களுக்கு, காசு கேட்காத விர்ச்சுவல்பாக்ஸ் கை கொடுத்தது. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024இல்தான் இலவசமானது. இன்று தொடங்குகிறவர் இரண்டில் எதை எடுத்தாலும் பழுதில்லை.

என் வீட்டுக் கணினியில் 8 ஜிபி ரேம். அதில் 1 ஜிபியை எக்ஸ்பிக்கு ஒதுக்கினேன், தாராளமாகப் போதும். முதலில் பயாஸில் வெர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ய வேண்டும். எக்ஸ்பி சிடியிலிருந்து ஏற்றி, பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் போட்டு முடித்த கையோடு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட வேண்டும். எது கெட்டாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆதரவு நின்றுபோன விண்டோஸ் என்பதால் நெட்வொர்க்கைத் துண்டித்து வைத்திருக்கிறேன். ஃபைல் போவதும் வருவதும் ஷேர்டு ஃபோல்டர் வழியாக மட்டும். உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் எடுத்து, டிஸ்டில்லரில் எழுத்துருவைப் பதித்து பிடிஎஃப் ஆக்கினால், பிளேட் போடுகிற இடத்தில் ஒரு கொம்பு கூடப் பிசகாது.

இதன் அருமை 2018க்குப் பிறகு ஊருக்கே தெரிந்தது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. அடுத்த ஆண்டு நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலவைகள் வந்தபோது, பெட்டியில் பச்சை லோகோவும் கியூஆர் கோடும் வந்தன. "அக்கா, அந்தப் பழைய புஸ்வாணப் பெட்டி ஃபைல்ல லோகோவ மட்டும் சேர்த்துக் குடுங்க" என்று வந்து நின்றார்கள். பழைய கணினியை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தவர்கள் லோகோவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் முதலிலிருந்து வரைந்தார்கள்; வாடிக்கையாளர் பார்த்துப் பழகிய எழுத்து அதில் வரவில்லை.

ஆடிப்பெருக்குக்கு ஒவ்வொரு வருஷமும் புது காலண்டர் ஆல்பம் போடுகிற ஊர் இது. அடுத்த வருஷத்தைப் பற்றியே யோசித்துப் பழகிவிட்டோம். பழைய வேலையும் இந்தத் தொழிலின் சொத்துதான். எந்த எழுத்தில், எந்த நிறத்தில், எப்படிப்பட்ட தமிழில் இந்த ஊர் நாட்டுக்கு நாள் காட்டியது என்பதற்கு அந்த ஃபைல்களே சாட்சி.

அச்சகத்தில் ஒரு எக்ஸ்பி சிபியு இன்னும் ஓடுகிறதென்றால் அதைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். டிஸ்க்2விஎச்டி என்ற இலவச நிரல் அதன் ஹார்டு டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலாக எடுத்துத் தரும். விர்ச்சுவல்பாக்ஸில் அதை ஐடிஇ கன்ட்ரோலரில் இணைத்துப் பாருங்கள். எழுத்துரு சிடி, சீரியல் எண் எழுதிய தாள் எல்லாவற்றையும் அதனுடன் வையுங்கள். இரண்டு டிஸ்க்குகளில் நகல் எடுங்கள். ஹார்டு டிஸ்க் நின்ற பிறகு இந்த வேலையைச் செய்ய முடியாது. சுற்றுகிற வரைக்கும்தான் நேரம்.