சாப்ளின் தின்ற பூட்ஸ்

சார்லி சாப்ளின் என்றதும் தொளதொள பேண்ட், பெரிய பூட்ஸ், கையில் ஒரு பிரம்பு, ஒட்டு மீசை... இவைதான் நினைவுக்கு வரும். அந்த உருவத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பசியும் பயமும்தான்!

சாப்ளின் 1889-இல் பிறந்தவர், வளர்ந்தது லண்டனில். அப்பா, அம்மா இருவருமே மேடைப் பாடகர்கள். அப்பா குடும்பத்தைப் பிரிந்து போய், குடியால் உடல் கெட்டு 1901-இல் இறந்தார். அம்மா ஹன்னாவுக்கு முதலில் குரல் போனது, பிறகு மனநலமும் கெட்டது. 1896-இல், ஏழு வயதில், அம்மாவோடும் அண்ணன் சிட்னியோடும் லாம்பெத் பகுதி ஏழைகள் விடுதிக்குப் போக வேண்டி வந்தது. அங்கே அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள்.

அந்த வறுமை நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை 1964-இல் வெளிவந்த தன் சுயசரிதையில் அவர் சொல்கிறார். அவர்கள் குடியிருந்த தெருக்கோடியில் ஆடு வெட்டும் கூடம் ஒன்று இருந்தது. ஒருநாள் வெட்டக் கொண்டுபோன ஆடு தப்பித்து ஓடியது. துரத்தியவர்கள் தடுக்கி விழுந்தார்கள். ஆடு மிரண்டு பாய்வதைப் பார்த்துத் தெருவே சிரித்தது, சிறுவன் சார்லியும் சிரித்தான். கடைசியில் ஆட்டைப் பிடித்து உள்ளே கொண்டு போனபோதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. அதைக் கொல்லப் போகிறார்கள் என்று கதறியபடி அம்மாவிடம் ஓடினான். தன் படங்களில் சோகமும் சிரிப்பும் கலந்து வருவதற்கு இதுவே விதையாக இருந்திருக்கலாம் என்கிறார் சாப்ளின்.

யோசித்துப் பாருங்கள். அதே ஆடு, அதே தெரு. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்த வரை சிரிப்பு. முடிவு தெரிந்ததும் அழுகை!

1925-இல் வந்த 'தி கோல்ட் ரஷ்' படத்தில் பசி தாங்காமல் பூட்ஸை வேகவைத்துத் தின்னும் காட்சி உண்டு. இதற்குத் தூண்டுதல் ஒரு கொடூரமான உண்மைக் கதை. 1846-47 குளிர்காலத்தில் அமெரிக்காவின் சியர்ரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய டோனர் குழுவினர், தோலை வேகவைத்துத் தின்றார்கள். சிலர் இறந்தவர்களின் உடலையே தின்றார்கள். சாப்ளின் அந்தப் பசியை அப்படியே வைத்துக்கொண்டு, தின்னும் விதத்தை மட்டும் மாற்றினார். ஏதோ பெரிய ஓட்டல் விருந்து போல, ஆணியை எலும்பு மாதிரி சப்புகிறார், கயிற்றை நூடுல்ஸ் மாதிரி சுருட்டுகிறார். படப்பிடிப்பில் அவர் தின்றது அதிமதுர மிட்டாயில் செய்த பூட்ஸ்!

ஆனால் எல்லாத் துயரத்தையும் இப்படி மாற்றிவிட முடியுமா? 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரைக் கேலி செய்தார். போர் முடிந்தபோது சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது உலகத்துக்குத் தெரிந்தது. வதைமுகாம்களின் உண்மை முன்பே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று அவரே பின்னாளில் எழுதினார்.

அங்கேயும் நடந்தது அதேதான். கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தபின் அந்தச் சிறுவனால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த முறை பூட்ஸ் காட்சியைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்த ஆட்டையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.