கரணச் சிலந்தியின் பெயர்

மொராக்கோவின் தென்கிழக்கே எர்க் செபி மணற்குன்றுகளில் ஒரு வேட்டைச் சிலந்தி வாழ்கிறது. மணலை நூலால் பிணைத்துக் குழாய்போல் வளை அமைத்து, பகலில் அதற்குள் கிடக்கும். இரவில் வெளியே வரும். சீண்டினால் முதலில் ஓடிப் பார்க்கும். விடாமல் துரத்தினால் கால்களால் தரையை உந்தி எழும்பி, காற்றில் சுழன்று, மறுபடி கால் ஊன்றி, அடுத்தடுத்துக் கரணம் போட்டுக்கொண்டே போகும். ஓட்டத்தில் நொடிக்கு 1 மீட்டர் என்றால் கரணத்தில் 2 மீட்டர். நமீபியாவிலும் உருண்டு தப்பும் சிலந்தி உண்டு. அதற்குச் சரிவு வேண்டும். இது மேட்டிலும் கரணம் போட்டு ஏறும்.

வேட்டைச் சிலந்திக் குடும்பத்தில் செயலைப் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் பழையது. நம் வீட்டுச் சுவர்களில் கரப்பானைத் துரத்திப் பிடிக்கும் பெரிய சிலந்திக்கு 1767இல் லின்னேயஸ் ‘வெனடோரியா’ என்று பெயரிட்டார். லத்தீனில் ‘வெனேட்டர்’ வேட்டைக்காரன். மொராக்கோச் சிலந்திக்கு அப்படி அமையவில்லை. 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர் பீட்டர் யேகர் வைத்த பெயர் ‘செப்ரென்னஸ் ரெஹென்பெர்கி’. ஈற்றிலுள்ள இகரம் லத்தீனின் ஆறாம் வேற்றுமை உருபு. ரெஹென்பெர்கினுடைய சிலந்தி என்று பொருள்.

இங்கோ ரெஹென்பெர்க் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்; உயிர்களின் அசைவிலிருந்து பொறியியலுக்கு வழி தேடியவர். இந்தக் கரணத்தைப் பாலைவனத்தில் கூர்ந்து கவனித்தவர் அவர்தான். அதற்கு முன் இதைத் துனீசியாவின் ‘செப்ரென்னஸ் வில்லோசஸ்’ என்றே நினைத்திருந்தார்கள். யேகர் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட்டு, இது வேறு இனம் என்று காட்டினார். சிலந்திகளைப் பிரித்தறிய அதுவே உறுதியான அடையாளம். கரணம் எவ்வளவு வியப்பானாலும் சாட்சியாகாது.

ரெஹென்பெர்க் அந்த அசைவை வைத்து ஒரு ரோபோட்டும் செய்தார். அதற்கு இட்ட பெயர் ‘தாபோட்’. பெர்பர் மொழியில் சிலந்தி ‘தபாச்சா’. அதன் தலையோடு ரோபோட்டின் வாலை ஒட்டிய சொல் இது. சிலந்தி பேராசிரியரின் பெயரைப் பெற்றது, இயந்திரம் சிலந்தியின் பெயரைப் பெற்றது. அந்த மண்ணின் சொல் சிலந்தியின் பெயரிலேயே ஏறியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

லத்தீனில் விடுபட்ட கரணத்தைப் பொதுவழக்கு சேர்த்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அதை ‘ஃபிளிக்-ஃபிளாக்’ சிலந்தி என்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் கை ஊன்றிப் போடும் கரணத்துக்கு வழங்கும் சொல் அது. தமிழில் ‘கரணச் சிலந்தி’ என்றே எழுதலாம். ‘உருளும் சிலந்தி’ என்றால் நமீபியச் சிலந்தியோடு குழப்பம் வரும்.