நாற்பக்கலும் நியாயமும்: கரையோரப் பாடசாலைகளின் கேத்திரகணிதம் குறித்து

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் மேசன் பாஸ் செய்யும் முதற் காரியம் நூல் பிடிப்பதாகும். 40 அடி நீளமும் 30 அடி அகலமுமாக நான்கு முளைகளை அறைந்து, எதிரெதிர்ப் புறங்கள் அளவொத்திருப்பதை உறுதிசெய்தபின், அவர் அளவுநாடாவை மூலைக்கு மூலை பிடிக்கிறார். இரண்டு தடவையும் 50 அடி வருமாயின் "மூலை சரி" என்று சொல்லி வேலையைத் தொடங்குகிறார். இச்செயலினுள் ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. அந்த நியாயத்தை வெளிக்கொணர்ந்து பிறர் மறுக்கவொண்ணாதபடி எடுத்துரைக்கும் ஆற்றலே கேத்திரகணிதக் கல்வியின் பிரதான பயன் என்பதும், வரைவிலக்கணங்களை ஒப்புவிக்கச் செய்வதில் நம் வகுப்பறைகள் செலவிடும் காலத்தில் ஒரு பகுதியேனும் அதற்கென ஒதுக்கப்படல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அந்த நியாயம் யாது? நான்கு முளைகளையும் முறையே அ, ஆ, இ, ஈ எனக் கொள்வோம். எதிர்ப்பக்கங்கள் சமமாதலின் அஃது ஓர் இணைகரம். இனி, அஆஇ, ஆஅஈ என்னும் இரு முக்கோணிகளை நோக்குக: அஆ இரண்டுக்கும் பொது, ஆஇயும் அஈயும் எதிர்ப்பக்கங்களாதலின் சமம், அஇ, ஆஈ என்னும் மூலைவிட்டங்களோ நாடாவினால் அளந்து சமமெனக் கண்டவை. ஆகவே மூன்று பக்கங்களும் ஒத்த இம்முக்கோணிகள் ஒருங்கிசைவன. ஒருங்கிசையவே, அ, ஆ என்னும் உச்சிகளிலுள்ள இணைகரக் கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமாகின்றன. அவை நேயக் கோணங்களாதலால் அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகை. எனவே ஒவ்வொன்றும் 90 பாகை. மேசன் பாஸ் ஒரு கோணத்தையேனும் அளக்கவில்லை. எனினும் நான்கும் செங்கோணங்களே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இவ்விரண்டு சோதனைகளுள் ஒன்றைக் கைவிட்டால் விளைவு யாதாகும் என்று வினவுவதே இங்கு மிகுந்த பயன் தருவது. எதிர்ப்புறங்களை மட்டும் அளந்தவன் சரிந்து நிற்கும் இணைகரத்தைச் செவ்வகமென்று நம்பக்கூடும். மூலைவிட்டங்களை மட்டும் அளந்தவனோ இருசமபக்கச் சரிவகத்திடம் ஏமாறுவான். அதன் மூலைவிட்டங்களும் சமமானவையே. தனித்தனியே நோக்குமிடத்து இவை செவ்வகத்துக்கு வேண்டிய நிபந்தனைகள். இரண்டும் கூடியவிடத்தே போதிய நிபந்தனை. வேண்டியதற்கும் போதியதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை உணராத மாணவன் தேற்றங்கள் அனைத்தையும் மனனஞ்செய்திருப்பினும் தர்க்கத்தின் வாயிலைக் கடந்தவனாகான்.

செவ்வகத்தின் வரைவிலக்கணம் கேட்டால், "எதிர்ப்பக்கங்கள் சமம், சமாந்தரம், கோணங்கள் நான்கும் 90 பாகை, மூலைவிட்டங்கள் சமம், அவை ஒன்றையொன்று இருசமகூறிடும்" என்று மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகளை நாம் மெச்சுகிறோம். கூறியது யாவும் உண்மை. ஆயின் அது வரைவிலக்கணமன்று, குணங்களின் குவியல். ஒரு கோணம் செங்கோணமாகவுள்ள இணைகரம் செவ்வகம் என்று சொன்னாற் போதும். எஞ்சியவை யாவும் அதிலிருந்து நிறுவப்பட வேண்டியவை. எல்லாவற்றையும் வரைவிலக்கணத்துக்குள்ளேயே திணித்துவிட்டால் நிறுவுவதற்கு என்ன மிஞ்சும்? சதுரமும் ஒரு செவ்வகமே என்றவுடன் வகுப்பில் எழும் சலசலப்புக்கும் காரணம் இதுவே: பெயரைக் கண்ணாற் கண்ட உருவத்தோடு பிணைத்துக்கொண்டார்களேயன்றி இலட்சணத்தோடு பிணைக்கவில்லை. இலட்சணம் அவ்வியாப்தி (உரியவற்றுட் சிலவற்றை விட்டுவிடுதல்), அதிவியாப்தி (அல்லாதவற்றையும் சேர்த்துக்கொள்ளுதல்) என்னும் குற்றங்கள் இன்றி அமைய வேண்டும் என்று நம் தர்க்க சாத்திரம் விதித்தது; அறபு மத்ரஸாக்களின் மரபான பாடமாகிய மன்திக், வரைவிலக்கணம் உரியவற்றையெல்லாம் உள்ளடக்குவதாகவும் அல்லாதவற்றை விலக்குவதாகவும் இருத்தல் வேண்டும் என்றது. இவ்விரு மரபுகளும் அயலயலே வாழும் இக்கரையில், கணித ஆசிரியர் மட்டும் அவற்றை அறியாதவர்போல் இருப்பது விந்தையே.

மறுதலை பற்றிய மயக்கம் இதனினும் ஆழமானது. 3, 4, 5 என்னும் அளவுகளாற் செங்கோணம் அமைப்பதற்குக் காரணம் கேட்டால், பைதகரசின் தேற்றம் என்று எழுதுவார்கள். அத்தேற்றம் செங்கோணத்திலிருந்து பக்கங்களுக்குச் செல்வது. இங்கு வேண்டியது பக்கங்களிலிருந்து செங்கோணத்துக்குச் செல்லும் மறுதலை. யூக்கிளிட்டு தம் கேத்திரகணித நூலின் முதற் புத்தகத்தில் 47ஆவதாகத் தேற்றத்தையும் 48ஆவதாக மறுதலையையும் வைத்துத் தனித்தனியே நிறுவினார். ஒன்றை நிறுவியமையால் மற்றையது தானே வந்துவிடும் என்று அவர் கருதவில்லை.

ஹாரூன் அல் ரஷீதின் காலத்தில் அல் ஹஜ்ஜாஜ் இப்னு மதர் அந்நூலை அறபியிற் பெயர்த்தார். அறபு உலகத்து அறிஞர் அதனைப் பெயர்த்ததோடு நில்லாது ஐயுற்றும் ஆராய்ந்தனர். 1077இல் தம் விளக்கவுரையை முடித்த உமர் கய்யாம், ஓர் அடிக்கோட்டின் இருமுனைகளிலும் சமமான செங்குத்துகளை எழுப்பி அவற்றின் தலைகளை இணைத்த நாற்பக்கலில், மேற்கோணங்கள் செங்கோணமா, கூர்ங்கோணமா, விரிகோணமா என்று விசாரித்தார். வீண் வினாவெனத் தோன்றலாம். ஆயின் கோளத்தின் மேற்பரப்பில் அவை விரிகோணங்களே! கல்முனையிலிருந்து கிப்லாவின் திசையைத் தட்டையான தேசப்படத்தில் அளந்தால் மேற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய 19 பாகை வரும். பூமியின் உருண்டையைக் கணக்கிற் கொண்டால் ஏறக்குறைய 24 பாகை. முக்கோணியின் கோணங்களது கூட்டுத்தொகை 180 பாகை என்பது சமாந்தரக் கோடுகள் பற்றிய ஒரு வெளிப்படை உண்மையை ஆதாரமாகக் கொண்டது என்பதை உணர்த்த, பள்ளிவாசல்கள் நிறைந்த ஊரில் இதனினும் பொருத்தமான உதாரணம் வேண்டுமோ?

இத்தகைய நிறுவல்கள் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சுமை; கோணமானியால் அளந்து உண்மையைக் கண்டுகொண்டாற் போதும் என்பாரும் உளர். ஆயின் பத்து முக்கோணிகளை அளந்தவன் பதினோராவதைப் பற்றி அநுமானிக்கிறான். நிறுவியவனோ வரையப்படாத முக்கோணிகளுக்கும் சேர்த்துப் பேசுகிறான். அளத்தல் தொடக்கமாகலாம், முடிவாகாது. தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்னும் நான்கு தலைப்புகளையும் சடங்குபோல் எழுதிவிட்டு நடுவிலே நியாயத்தைத் தவறவிடும் விடைத்தாள்கள் சுமையாயிருப்பதை நான் ஒப்புக்கொள்வேன். அது கற்பித்தலின் குறையேயன்றிப் பாடத்தின் குறையன்று.

1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்த ஏ. எம். ஏ. அஸீஸும், அவருடைய நண்பரும் அயலூராகிய காரைதீவிற் பிறந்தவருமான விபுலானந்த அடிகளும் கல்வியைப் பதவிக்கு ஏணியாக மட்டும் கருதியவரல்லர். கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்று உழைத்த அடிகளே, 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' என்னும் தம் ஆராய்ச்சியில் பண்டை இசையின் சுருதிகளைக் கணித நெறியால் நிறுவவும் முற்பட்டார். கலைச்சொற்கள் இன்று நம் கைவசம் உள்ளன. அவற்றைக் கொண்டு வாதிக்கப் பழக்குவதே எஞ்சிய பணி.

ஆகவே இக்கரையோர ஆசிரியர்களுக்கும், அட்டாளைச்சேனையில் பயிற்சி பெற்று வரவிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: தவணைப் பரீட்சை ஒவ்வொன்றிலும் மறுதலை பற்றிய ஒரு வினாவேனும் இடம்பெறட்டும். "மூலைவிட்டங்கள் செங்கோணத்தில் வெட்டும் நாற்பக்கல் யாவும் சாய்சதுரமா?" என்று கேளுங்கள், "அல்ல" என்றெழுதிப் பட்டத்தின் உருவை வரைந்து காட்டும் பிள்ளைக்கு முழுப்புள்ளி வழங்குங்கள்.