பச்சை உடம்பு

பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத பெண்ணைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். சுடாத பச்சை மண், ஆறாத பச்சைப் புண், பிறந்து கண் திறக்காத பச்சைக் குழந்தை என்று இந்தச் சொல் வருகிற இடங்களில் எல்லாம், பதம் பிடிக்க இன்னும் நாள் வேண்டிய ஒன்றைப் பார்க்கலாம். தாயின் உடம்பையும் அந்த வரிசையில் வைத்தவர்கள், அது கெட்டுப்போய்விட்டதாகவோ அழகு குலைந்துவிட்டதாகவோ நினைக்கவில்லை. இப்போது அந்த உடம்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் 'பழையபடி ஆக எத்தனை மாதம்?' என்பதுதான் முதல் கேள்வி. ஒரு சொல்லிலிருந்து இந்தக் கேள்விக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை சென்னையின் மேற்கு மாம்பலம் போன்ற ஒரு பேட்டையின் பிரசவ வழக்கங்களைக் கொண்டு பார்க்கலாம். அந்த வழக்கங்கள் மாறிவிட்ட உடம்புக்கு நாளும் இடமும் ஆளும் ஒதுக்கித் தந்தன என்பது என் வாதம். நாளும் ஆளும் போய்விட்ட பல வீடுகளில் வயிற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. அதுவும் நோக்கம் மாறித்தான் மிஞ்சியது.

1920-களில் மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபின், தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த மாம்பலம், நகரத்து அலுவலகங்களுக்குப் போய்வரும் குமாஸ்தாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கொடுத்தது. லேக் வியூ சாலை என்ற பெயரில் மட்டும் ஏரி தங்கியது. கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பெயர்போன இந்தப் பேட்டையில்தான், 1950-களில் எம்.சி. சுப்பிரமணியம் என்ற சமூகத் தொண்டரின் முயற்சியால் பப்ளிக் ஹெல்த் சென்டர் தோன்றியது. ஆக, இது மருத்துவமனையை அறியாத கிராமம் அல்ல. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே தொடங்கிவிட்டது. மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியில் 1885-இல் கோஷா ஆஸ்பத்திரியும் வந்துவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள்கூட அதன்பிறகு போய்ப் படுத்தது தாய் வீட்டு அறையில்தான். பிரசவத்தை டாக்டரிடம் விட்ட குடும்பங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய உடம்பைப் பாட்டியிடமும் மருத்துவச்சியிடமும் நெடுநாள் விட்டு வைத்திருந்தன.

அந்த அறையில் நடந்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சான்று அங்கேதான் இருக்கிறது. வளைகாப்பும் சீமந்தமும் முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவளுக்குக் காற்று அடிக்காத ஓர் உள்ளறை. பத்து நாள் தீட்டு, பதினோராம் நாள் புண்ணியாகவாசனம். அதற்குப் பிறகும், நாற்பது நாள் கணக்கான மண்டலம் முடியும் வரை அவள் கையில் அடுப்பு வேலை வராது. நல்லெண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, இடுப்பிலும் அடிவயிற்றிலும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரை விசிறி ஊற்றுவார்கள். ஈரத் தலைக்குச் சாம்பிராணிப் புகை. பிறகு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் புடவையால் வயிற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். விடியற்காலையில் நெல்லிக்காயளவு லேகியம்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் வெல்லத்திலும் நெய்யிலும் கிளறியது. சாமான் வாங்க மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடைக்குப் போனால் போதும். 'பிரசவ மருந்து' என்று கேட்டாலே எல்லாவற்றையும் எடுத்துக் கட்டித் தருகிற அந்தக் கடை நூறாண்டைத் தாண்டியது. சாதத்துக்குச் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் வேப்பம்பூவும் சேர்ந்த அங்காயப் பொடி, சுட்ட பூண்டு. அசைவம் சாப்பிடும் வீடுகளில் பால் ஊறச் சுறாப் புட்டு. இவற்றில் எது எந்த அளவுக்குப் பலன் தரும் என்பது தனி விவாதம். ஆனால் உடம்பை இளைக்க வைக்க என்று ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நெய்யும் வெல்லமும் எண்ணெயும் உட்கார வைத்துச் சோறும் இளைப்பதற்கான வழிகள் ஆகமாட்டா.

நாள் கணக்கும் இதையே சொல்கிறது. பிரசவம் ஆனவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையிருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே சுருங்குகிறது. மருத்துவப் பாடநூல்கள் பிரசவத்துக்குப் பிந்தைய காலமாக வகுத்திருப்பதும் இந்த ஆறு வாரத்தைத்தான். மாம்பலத்துப் பாட்டி எடை போட்டுப் பார்க்கவில்லை, இருந்தும் அவளுடைய மண்டலம் அதே காலத்தில்தான் வந்து நின்றது. மலாய்க்காரர்களின் 'பந்தாங்', லத்தீன் அமெரிக்காவின் நாற்பது நாள் ஓய்வு, சீனத்தில் 'மாதம் உட்காருதல்' என்று ஒன்றையொன்று அறியாத ஊர்களிலும் ஒரு மாதத்துக்கும் ஒன்றரை மாதத்துக்கும் இடைப்பட்ட ஒரு கணக்கு இருந்தது. உடம்பில் நேர்கிற மாற்றத்துக்குக் குற்றம் சொல்லாமல் காரணம் சொல்லும் பழக்கமும் நம்மிடம் இருந்திருக்கிறது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொத்தாக உதிர்வதும், ஓராண்டுக்குள் பெரும்பாலும் திரும்ப வளர்வதும் தோல் மருத்துவர்கள் நன்கறிந்தவை. காரணம் ஹார்மோன் வீழ்ச்சி. பாட்டி சொன்ன காரணம் பிழை, காலம் சரி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இழப்பைப் பிள்ளையின் சிரிப்போடு முடிந்து வைத்த அந்த மனம்.

இந்த மனம் பழையது. நற்றிணையின் 40-ஆம் பாட்டில், வெண்கடுகு அணிந்து நெய் பூசிய மெல்லிய உடம்போடு கண்ணயர்ந்திருக்கிற, மகனைப் பெற்ற மனைவியைக் காணக் கணவன் நள்ளிரவில் கள்வனைப்போல் வருகிறான். 370-ஆம் பாட்டில், பிள்ளை பெற்றுத் தாய் என்று பெயர் மாறிய மனைவியின் உடம்பில் ஓடும் வரிகளையும் திதலை என்னும் தேமலையும் கணவன் வாய்விட்டே சொல்கிறான். 'முதுபெண்டு ஆகிவிட்டாயோ' என்று சீண்டுகிறான். குவளைப் பூவால் அவள் வயிற்றைத் தொடுகிறான். அவளோ நாணிச் சிரித்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். இதை ஆண் சொல்லும் பாட்டு என்றும், பரத்தையிடம் போய்வந்தவன் ஊடலைத் தணிக்கச் சொல்லும் நினைவு என்றும் ஒருவர் மறுக்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் சமாதானம் பேச வந்தவன் பிள்ளை பெற்ற உடம்பின் வரிகளை நினைவுபடுத்துகிறான் என்றால், அவை மறைக்க வேண்டிய குறை என்று அந்தச் சமூகம் கருதியிருக்க முடியாது. குறையைச் சொல்லி யாரும் ஊடல் தீர்ப்பதில்லை.

துணியிலும் ஒரு சான்று கிடைக்கிறது. புடவைக்கு அளவு கிடையாது. ஒன்பது கஜமோ ஆறு கஜமோ, பிரசவத்துக்கு முன் கட்டியதையே பின்பும் கட்டலாம். ரவிக்கைக்குத்தான் அளவு; அதற்கும் தையல்காரர் உள்தையலில் கூடுதல் துணி விட்டுத் தைப்பார், உடம்பு மாறினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். உடம்பு மாறும் என்பதைத் தைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொண்ட தொழில் அது. மாம்பலம் ரயில் நிலையத்தைக் கடந்து கிழக்கே இறங்கினால் ரங்கநாதன் தெரு. ஆயத்த ஆடை குவிந்து கிடக்கும் அந்தத் தெருவில் ஒவ்வொரு உடுப்பும் கழுத்துப்பட்டையில் அளவைச் சொல்லும் ஓர் எழுத்தோடு வருகிறது. முன்பு துணி உடம்புக்கு இடம்விட்டது. இப்போது அந்த எழுத்துக்குள் உடம்பு அடங்க வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சல்வாரும் சட்டையும் எவ்வளவு வசதி என்பதை மறுக்கவில்லை. பிரசவம் முடிந்து அலமாரியைத் திறக்கும்போது பழைய உடை பொருந்தாமல் போவதைத் தன் தவறாக அவள் நினைத்துக்கொள்வதில் இந்த மாற்றத்துக்குப் பங்குண்டு என்கிறேன்.

இனி மறுப்புகள். வயிறு தொங்கிவிடும் என்று பயமுறுத்தித்தானே பாட்டிகளும் துணி கட்டினார்கள் என்று கேட்கலாம். ஆம், அதுவும் சொன்னார்கள். ஆனால் வாயு சேராமல் இருக்க, இடுப்புக்குப் பிடிப்பாக இருக்க என்பவையும் கூடவே வந்தன. நாற்பது நாள் ஓய்வின் ஒரு சின்னப் பகுதியாகத்தான் கட்டு இருந்தது. ஓய்வை உருவிவிட்டு மருந்துக் கடையில் தனியாக விற்கும் பெல்ட்டில் 'பழைய உடல்வாகு' என்ற வாக்குறுதி மட்டும்தான் இருக்கிறது. 2016-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வு, முதல் பிரசவம் கண்ட 300 பெண்களைப் பின்தொடர்ந்தது. வயிற்றுத் தசை நடுவில் விலகியிருந்தவர்கள் ஆறாவது வாரத்தில் 60 சதவீதம். ஓராண்டு முடிந்தும் ஏறக்குறைய 33 சதவீதம். மூவரில் ஒருவருக்கு ஓராண்டாகியும் மாறாத ஒன்றை ஒரு பட்டையால் ஒரு மாதத்தில் மாற்றுவதாகச் சொல்வது ஏமாற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. தையல் போட்ட வயிற்றில் எதைக் கட்டுவது, எப்போது கட்டுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கனமான மறுப்பு வேறு. அந்த அறை தீட்டின் பெயரால் பெண்ணை ஒதுக்கிய அறைதானே? தாகத்துக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், காய்கறியை விலக்கினார்கள். பால் கொடுப்பவளுக்கு இரண்டும் கேடு. உடலைத் தொட்டுக் குளிப்பாட்டிய மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். தீட்டு முடிந்ததும் அவள் மறுபடி வாசலுக்கு வெளியே. அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவளுக்கோ நாற்பது நாள் என்பதே கிடையாது. பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு வேலைக்கு வந்திருப்பாள். இவற்றுக்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. தீட்டும் தண்ணீர்த் தடையும் ஒழிந்தது நல்லது. ஆனால் தீட்டு இல்லாமலே ஓய்வைத் தர முடியும், சாதி பார்க்காமல் தர முடியும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலை வாங்கக்கூடாது என்று முதலாளிக்குத் தடை போட்டது. பாட்டியின் மண்டலம் சட்டமானது என்றே இதைப் பார்க்கிறேன். 2015-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் கொடுக்கத் தொடங்கிய குழந்தைப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில், தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. ஒரு சில வீடுகளின் உள்ளறையில் கிளறிய மருந்து அங்கே பிள்ளை பெற்ற எல்லாத் தாய்க்கும் போனது.

நாள் மட்டும் எல்லாத் தாய்க்கும் போகவில்லை. அந்தச் சட்டம் ஆலை, சுரங்கம், தோட்டம் போன்றவற்றையும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளையும் நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தியது. வீட்டு வேலைக்கு வரும் பெண் அதற்குள் வரவில்லை. மகளுக்காக லேகியம் வாங்கி, பத்தியச் சாப்பாட்டுக்குச் சொல்லி, குளிப்பாட்ட ஆள் வைக்கிற மேற்கு மாம்பலத்து வீடுகள் இன்னும் நிறைய. அந்த வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் பிள்ளை பெற்றால் அவளுக்கும் ஆறு வாரம் விடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காமல்.