தஞ்சைப் பண்டிதர் தந்த ஏடு

மைசூருக்கு வந்து குடியேறிய நம்மவர் பலர், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் காட்டுவர். மாலையில் பிருந்தாவனத்தோடு ஊர் சுற்றல் முடிந்துவிடும். கிருஷ்ணராஜ பூல்வார் சாலையில், கிராபோர்டு மண்டபத்திற்கு அணித்தே நிற்கும் ஜூபிலி மாளிகைக்கு விருந்தினரை அழைத்துச் செல்வோர் அரியர். விக்டோரியா அரசியாரின் பொன்விழா நினைவாக 1887இல் எழுந்த மாளிகை அது. 1891இல் அங்கு அரசினர் கீழ்த்திசை நூலகம் தொடங்கப்பெற்றது. 1916இல் அது மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. 1943இல் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் எனப் புதுப்பெயர் பூண்டது. ஹெப்பாளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அம்மாளிகையை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. உலகம் மறந்துபோயிருந்த ஒரு பெருநூல் அங்கேதான் மீண்டும் வெளிப்பட்டது. அதை அங்குச் சேர்ப்பித்தவர் நம் சோழநாட்டார்.

அந்நூல் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பழைய வடமொழி நூல்கள் பலவற்றில் அதன் பெயர் வரும், மேற்கோள்கள் வரும். நூலை முழுமையாகக் கண்டவர் எவரும் அந்நாளில் அறிஞருலகில் இலர். காலவெள்ளத்தில் அழிந்தொழிந்த நூல்களுள் அதுவும் ஒன்று என்றே கருதினர். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர், அந்நூலின் ஓலைச்சுவடியையும் பட்டசுவாமி என்பார் எழுதிய உரையின் ஒரு பகுதியையும் மைசூர் நூலகத்திடம் ஒப்படைத்தார். 1905ஆம் ஆண்டளவில் அதனை ஆராய்ந்து, இஃது இன்ன நூல் என்று கண்டுணர்ந்தவர் நூலகத்தில் பணியாற்றிய ருத்ரபட்டணம் சாமசாஸ்திரி. காவிரிக்கரை ஊராகிய ருத்ரபட்டணத்தில் 1868இல் பிறந்தவர் அவர். கொடுத்தவரும் காவிரிக்கரையார், பெற்றவரும் காவிரிக்கரையார் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஏடு கிரந்த எழுத்தில் அமைந்தது. வடமொழியை எழுதுவதற்கெனத் தமிழ்நாட்டார் வளர்த்த எழுத்து அது. பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் நில்லாது; செல்லும் பூச்சியும் அதற்குப் பகை. ஆதலின் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை எவரேனும் அமர்ந்து, எழுத்தாணி பிடித்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் கீறி, மை தடவி வைத்தாலன்றி எந்நூலும் பிழைக்காது. கௌடில்யருக்கும் சாமசாஸ்திரிக்கும் இடையே எத்தனை கைகள் அவ்வேலையைச் செய்திருக்க வேண்டும்! அரசியலும் வரிவிதிப்பும் ஒற்றாடலும் பேசும் நூல் அது. கோயிலில் ஓதப்படுவதன்று, சடங்கிற்கும் வேண்டப்படுவதன்று. ஆயினும் அதனைப் பெயர்த்தெழுதிக் காத்தனர் தெற்கே வாழ்ந்தோர்.

சாமசாஸ்திரியின் உழைப்பு எளிதன்று. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. வரி ஓடிக்கொண்டே இருக்கும். ஒப்புநோக்க வேறு சுவடி கையில் இல்லை. வழக்கொழிந்த கலைச்சொற்களோ பக்கத்திற்குப் பக்கம். 1905 முதலே பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் பெயர்த்து இதழ்களில் வெளியிட்டார். 1909இல் மூலம் அச்சேறியது. 1915இல் முழு மொழிபெயர்ப்பும், பிளீட் என்னும் ஆங்கிலேய அறிஞரின் அறிமுகவுரையோடு வெளிவந்தது. பண்டை இந்தியரின் அரசியல் அறிவைப் பற்றி மேனாட்டார் கொண்டிருந்த கருத்து அதன்பின் மாறலாயிற்று.

அதன்பின் பணி பல கைகளுக்குப் பரவிற்று. ஜெர்மானிய அறிஞர் யோலி ஒரு பதிப்புக் கொணர்ந்தார். மேயர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துத் தருவையில் பிறந்த கணபதி சாஸ்திரி, 1924, 1925ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரத்திலிருந்து தம் விரிவுரையுடன் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். பழைய மலையாள உரையொன்று அவருக்குத் துணைநின்றது. 1960 முதல் 1965 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் காங்க்லே வெளியிட்ட பதிப்பு, குஜராத்தின் பாடண் நகரில் கிடைத்த சிதைந்த ஏட்டையும் ஒப்புநோக்கிற்று. முதல்வர் இடறிய இடத்தை அடுத்தவர் திருத்தினார். அடுத்தவர் ஐயுற்ற இடத்தை மற்றொருவர் தெளிவித்தார். இன்று நாம் 'அர்த்தசாஸ்திரம் இவ்வாறு கூறுகிறது' என்று எளிதாகச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் இவர்கள் அனைவரின் கூட்டுறவால் வந்ததே.

இனி, நூலை இயற்றியவர் ஒருவர்தாமா? சந்திரகுப்தனின் அமைச்சராகிய சாணக்கியர் தனித்திருந்து எழுதினார் என்பதே நாம் பள்ளியில் கற்றது. நூலோ தன்னைப் பற்றி அவ்வாறு சொல்லவில்லை. முன்னை ஆசிரியர்கள் செய்த அர்த்தசாஸ்திரங்களைத் திரட்டி ஒன்றாக்கியது என்றே தன் தொடக்கத்தில் கூறுகிறது. பாரத்துவாசர், விசாலாட்சர், பராசரர், பிசுனர் முதலியோர் கொள்கைகளை எடுத்துக்காட்டி, 'இது கௌடில்யர் கருத்து' என்று படர்க்கையில் முடிவுகூறுகிறது.

இவ்வையத்தை எண்ணிக்கையால் ஆராய்ந்தவர் தாமஸ் டிரவுட்மன் என்னும் அமெரிக்க அறிஞர். 1964இல் மோஸ்டெல்லர், வாலஸ் என்னும் இருவர் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளை ஆராய்ந்திருந்தனர். அவற்றுள் 12 கட்டுரைகள் ஹாமில்டன் எழுதியனவா, மாடிசன் எழுதியனவா என்பது நெடுநாள் வழக்கு. எழுதுவோர் கருதாமலே கையாளும் சிறுசொற்களை எண்ணி, அவை மாடிசனுடையவை என்று அவ்விருவர் காட்டினர். அதே வழியில் டிரவுட்மன், நம் 'உம்', 'ஏ', 'அல்லது' போன்று வடமொழியில் வரும் 'ச', 'ஏவ', 'வா' முதலிய சொற்களை எண்ணினார். வாக்கியத்தின் நீளத்தையும் அளந்தார். அரசாங்கத் துறைகளைக் கூறும் இரண்டாம் அதிகாரம், வழக்குமன்ற நெறி கூறும் மூன்றாம் அதிகாரம், வேற்றரசர் உறவைக் கூறும் ஏழாம் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருவர் கையெழுத்தல்ல என்பது 1971இல் அவர் வெளியிட்ட முடிபு. இலங்கையிற் பிறந்த பேட்ரிக் ஒலிவெல் 2013இல் புதிய மொழிபெயர்ப்பைத் தந்தபோது, மூலநூல் ஒன்றைப் பிற்காலத்தார் ஒருவர் விரித்துத் திருத்தியமைத்தார் என்று விளக்கினார். காலத்தையும் சந்திரகுப்தனுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னே கொண்டுவந்தார்.

இச்செய்தி சிலருக்கு வருத்தம் தரலாம். நமக்கு ஏன் வருத்தம்? முதனூல், வழிநூல் என்று பகுத்தவர் நம் முன்னோர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்னும் நான்கையும் நூல் செய்யும் முறைகளாகவே தொல்காப்பியர் மரபியல் ஏற்றுக்கொண்டது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று இருவர் பெயரையும் பாடிய ஐவர் பெயரோடு சேர்த்தே மரபு காத்து வந்திருக்கிறது. பாடியவர் பெயர் அறியாத இடத்தும் அவர்கள் கைவிடவில்லை. பாட்டில் வந்த அழகிய தொடரைக் கொண்டே புலவருக்குச் செம்புலப் பெயனீரார் என்று பெயரிட்டனர்.

உ. வே. சாமிநாதையர் அம்மரபில் வந்தவர். தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு தந்தோரையும் உதவியோரையும் ஊரும் பேருமாகக் குறித்து வைத்தார். சீவக சிந்தாமணியை 1887இல் அவர் அச்சிட்டதை அறிந்தோர் அனைவரும், அதனைப் படிக்கத் தூண்டிய சேலம் இராமசுவாமி முதலியாரையும் அறிவர்.

சாமசாஸ்திரி தம் முன்னுரையில் ஏடு வந்த வழியை மறைக்கவில்லை. அது தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் தந்தது என்று எழுதியிருக்கிறார். அவ்வளவே. பெயரில்லை, ஊரில்லை. சாமசாஸ்திரியின் பெருமையைக் குறைக்க எண்ணி இதனைச் சொல்லவில்லை. நூறாண்டுகளாக அந்நூலைப் பற்றி உலகெங்கும் எழுதுவோர் அந்த ஒரு தொடரையே மீண்டும் மீண்டும் எழுதி வருகின்றனர். அந்த ஏடு அடுப்புக்குப் போயிருந்தாலும், ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டிருந்தாலும், சாமசாஸ்திரியின் புகழ் ஏது, டிரவுட்மன் எண்ணுதற்குச் சொற்கள் ஏது?

நம் குடியிருப்பில் தஞ்சை, திருச்சி, நெல்லைப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் உள. ஊரிலுள்ள பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணில் ஓலைக்கட்டோ, பாட்டனாரின் கையெழுத்துக் குறிப்பேடோ கிடைத்தால், குப்பையில் தள்ளிவிடாது இத்தகைய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேர்க்க வேண்டுகிறேன். சேர்க்கும் நாளில் தம் பெயர், ஊர், ஏடு எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஏட்டோடு வைத்துக் கொடுங்கள். அதற்கு ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.