கண்வலி விதையின் நெடுவழி

ஆவணி, புரட்டாசி மாதங்களில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் காலையில் போனால், கம்பிப் பந்தல்களுக்கு நடுவே ஆட்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். களையெடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவிக்கொண்டிருக்கிறார்கள். வெயில் உறைக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை. பூவின் அமைப்பு அப்படி. ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, தீக்கொழுந்துபோல நெளிந்து நிற்க, கீழே மகரந்தத் தாள்கள் குடைக்கம்பிகளாக விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அவற்றோடு ஒட்டாமல், கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். மனிதக் கை பட்டால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

செங்காந்தள்தான் அது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது. கார்த்திகைப்பூ என்பது இன்னொரு பெயர். கலப்பை வடிவில் கிழங்கு இருப்பதால் கலப்பைக்கிழங்கு. பயிர் செய்கிறவர்களுக்கோ அது கண்வலிக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது ஊர்ப்பேச்சு. பூவைப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. கிழங்கைத் தின்றால்தான் ஆபத்து, அதற்கு வருகிறேன்.

விவசாயிக்கு வேண்டியது பூவும் அல்ல, கிழங்கும் அல்ல, விதை. ஆடியை ஒட்டி நட்ட கொடியில் தை, மாசி வாக்கில் காய் முற்றும். உடைத்தால் உள்ளே சிவப்புச் சிவப்பாக மணிகள். காயவைத்து மூட்டை கட்டினால் வியாபாரி வந்து எடுத்துப்போவார். எங்கே போகிறது என்று கேட்டால் “மருந்துக்கு” என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நீண்ட கதை ஒன்று சுருண்டு கிடக்கிறது. விதையிலிருந்து பிரித்தெடுக்கும் பொருளுக்குக் கொல்கிசின் என்று பெயர்.

பெயர் நம் ஊருடையதல்ல. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா இருக்கும் இடத்தில், கொல்கிஸ் என்றொரு நாடு இருந்தது. நஞ்சறிந்த மெடியா பிறந்த ஊர் அதுதான் என்பது கிரேக்கப் புராணம். இலையுதிர் காலத்தில் ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையே இல்லாமல் ஊதாப் பூவாக மட்டும் தலைகாட்டும் ஒரு செடிக்கு அந்த நாட்டின் பெயரை வைத்து கொல்கிகம் என்றார்கள். பார்வைக்கு நம் காந்தளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம். காந்தளுக்குள்ளும் கொல்கிசின் இருக்கிறது என்று 1915இல் ஆங்கிலேய வேதியியலாளர்கள் கண்டு சொன்னார்கள். இன்னொரு பொருத்தமும் உண்டு. சங்கப் புலவர்கள் காந்தள் இதழைப் பெண்ணின் விரலுக்கு ஒப்பிட்டார்கள். கொல்கிகம் வகையைச் சேர்ந்தது என்று கருதப்படும் கிழங்கு ஒன்றைப் பழைய கிரேக்க மருத்துவர்கள் ‘ஹெர்மஸின் விரல்’ என்றார்கள். இரண்டு மொழிக்காரர்களுக்கும் விரல்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

6ஆம் நூற்றாண்டில் அந்தக் கிழங்கைக் கவுட் வலிக்குக் கொடுத்தவர் டிரால்லெஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற பைசாந்திய மருத்துவர். கவுட் என்பதை நம் ஆட்கள் “எனக்கு யூரிக் ஆசிட் இருக்கு” என்றுதான் சொல்வார்கள். நடுராத்திரியில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர்போகிற வலி. கிழங்கு வலியைத் தணித்தது, கூடவே வயிற்றையும் புரட்டிப் போட்டது. நஞ்சுக்குப் பயந்த மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதை ஒதுக்கி வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹுஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி ரகசிய மருந்துநீர் ஒன்றை விற்றுப் பேர் வாங்கினார். அதன் ரகசியம் கொல்கிகம்தான் என்று 1814இல் லண்டனில் ஜான் வாண்ட் போட்டு உடைத்தார். 1820இல் பாரிசில் பெல்லத்தியே, காவந்து இருவரும் அதன் சத்தைப் பிரித்தார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்ததும் இதே இருவர்தான், அதே ஆண்டில். கொல்கிசின் என்ற பெயர் 1833இல் கைகர் வைத்தது.

ஆக, மருந்து கையில் இருந்தது. அது எதைத் தணிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் லண்டனில் ஆல்பிரட் காரட் காட்டினார். வீங்கிய மூட்டிலிருந்து நீரை எடுத்து நுண்நோக்கியில் பார்த்து, ஊசி ஊசியான யூரேட் படிகங்களை அமெரிக்காவின் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் அடையாளம் காட்டியது 1961இல். அதற்கு நூற்றாண்டுக்கும் மேல் பிடித்திருக்கிறது. வெள்ளணுக்கள் அந்த ஊசிகளை எதிரி என்று நினைத்து விழுங்கப் பார்க்கின்றன. முடியாமல் வெடித்து, மேலும் படை திரட்டுகின்றன. வலிக்குக் காரணம் ஊசியை விட, ஊசியைப் பார்த்து உடம்பு போடும் கூச்சல்தான். இந்தக் கூச்சலுக்குத்தான் அழற்சி என்று பெயர்.

கொல்கிசின் ஊசியைத் தொடுவதில்லை, படையின் காலைப் பிடிக்கிறது. உயிரணுவுக்குள் மெல்லிய குழல்கள் தண்டவாளம் போல ஓடுகின்றன. அணு நகரவும், சரக்கைக் கடத்தவும், இரண்டாகப் பிரியவும் அவை வேண்டும். அந்தத் தண்டவாளத்தின் செங்கலான டியூபுலினில் கொல்கிசின் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பாதை போட முடியாது. பிரிகிற அணு பாதியில் நின்றுவிடும். இதைப் பயன்படுத்தித்தான், 48 என்று அதுவரை நம்பியிருந்த மனிதக் குரோமோசோம்களின் எண்ணிக்கை உண்மையில் 46 என்று ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் எண்ணிச் சொன்னார்கள். மரபியல் பாடத்தின் முதல் பக்கத்திலும் இந்தக் கிழங்கின் கைரேகை உண்டு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கட்டைவிரலில் இருந்த மருந்து இதயத்துக்கு எப்படி வந்தது?

மாரடைப்பைப் பல காலமாகக் குழாய் அடைப்பாகத்தான் பார்த்து வந்தோம். கொழுப்பு படிகிறது, குழாய் குறுகுகிறது, ஒருநாள் அடைக்கிறது. அடைப்பில் வெள்ளணுக்கள் மொய்த்திருப்பதை நோய்க்கூற்றியலாளர்கள் பார்க்காமல் இல்லை. ஆனால் ‘இது ஓர் அழற்சி நோய்’ என்று தலைப்பிலேயே சொல்லி ரசல் ராஸ் கட்டுரை எழுதியது 1999இல். மூட்டில் யூரேட் ஊசி எந்தப் புரதக் கூட்டமைப்பைக் கிளப்பிவிடுகிறதோ (என்எல்ஆர்பி3 என்பார்கள்) அதே அமைப்பைத்தான் ரத்தக்குழாய்ச் சுவரில் உறைந்த கொலஸ்டிரால் படிகமும் கிளப்புகிறது. முதலாவது 2006இல் தெரிந்தது, இரண்டாவது 2010இல். இரண்டு இடத்திலும் படிகம், இரண்டு இடத்திலும் அதே கூச்சல். கட்டைவிரல் வாய்விட்டுக் கத்துகிறது. இதயக்குழாய் ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்துவிட்டு ஒரே ஒருநாள் கத்துகிறது.

பழைய பதிவேடுகளில் தடயம் இருந்தது. நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் கவுட் நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டியவர்கள் 2012இல் எழுதினார்கள்: கொல்கிசின் சாப்பிட்டவர்களில் மாரடைப்பு கண்டவர்கள் 1.2 சதவீதம், சாப்பிடாதவர்களில் 2.6. இது வெறும் கணக்கு, சான்று ஆகாது. சாப்பிட்டவர்கள் வேறு வகையில் உடம்பைப் பார்த்துக்கொண்டவர்களாகவும் இருந்திருக்கலாம். சான்று தேடி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்க் நைடார்ஃப் என்ற இதயநோய் மருத்துவர் 532 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2013இல் வெளியிட்டார். தினம் 0.5 மில்லிகிராம், ஒரு சிறு மாத்திரை. பலன் நம்ப முடியாத அளவுக்கு இருந்ததாலேயே பலர் நம்பவில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது.

2017இல் கனகினுமாப் என்ற விலையுயர்ந்த ஊசிமருந்து, கொலஸ்டிராலைத் துளியும் குறைக்காமல் அழற்சியை மட்டும் குறைத்து, மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைக் குறைத்துக் காட்டியது. சோதிக்கப்பட்டவர்கள் 10,061 பேர். கொள்கை ஜெயித்தது. மருந்து ஜெயிக்கவில்லை: உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின, விலையோ எட்டாத உயரம். அப்போதுதான் எல்லோர் கண்ணும் மலிவான பழைய மாத்திரையின் பக்கம் திரும்பியது. 2019இல் மாண்ட்ரியலில் இருந்து ழான் குளோத் தார்டிஃப் குழு, அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேரின் முடிவைச் சொன்னது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 71 பேருக்கு இதயச் சிக்கலோ பக்கவாதமோ வந்த இடத்தில், கொல்கிசின் சாப்பிட்டவர்களில் 55 பேருக்குத்தான். அடுத்த ஆண்டு நைடார்ஃப் குழு, இந்த முறை யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாத ஆளறியா முறையிலேயே, 5,522 நாள்பட்ட இதய நோயாளிகளிடம் பார்த்தது: ஆயிரத்துக்கு 96 என்பது 68 ஆகியிருந்தது. இவர்களில் பெரும்பாலோர் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொல்கிசினை இதயத்துக்கும் அனுமதித்தது.

அதே அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009 வரை அங்கே மாத்திரை ஒன்று சுமார் 9 சென்ட். முறையான அனுமதி இல்லாமலே காலங்காலமாக விற்றுவந்த பழைய மருந்து. ஒரு நிறுவனம் புதிதாகச் சோதித்துக் காட்டித் தனியுரிமை வாங்கியதும் 4.85 டாலர் ஆனது. ஐம்பது மடங்குக்கும் மேல். இங்கே பந்தலில் மகரந்தம் தடவிக்கொண்டிருந்தவரின் கூலி ஐம்பது மடங்கு ஏறவில்லை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. விதைக்கு இந்த வருஷம் கிடைத்த விலை அடுத்த வருஷம் பாதியாகலாம். குறைந்தபட்ச ஆதார விலை வேண்டும் என்று விவசாயிகள் கேட்டபடியே இருக்கிறார்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்தால் நன்றாக இருக்கும், முடியவில்லை. 2024இல் கனடாவின் ஹாமில்டனில் இருந்து சஞ்சித் ஜாலி குழு, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 7,062 பேரை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டது. கொல்கிசின் சாப்பிட்டவர்களில் 9.1 சதவீதம் பேருக்குச் சிக்கல், வெற்று மாத்திரைக்காரர்களில் 9.3. அதாவது வித்தியாசமே இல்லை. கோவிட் காலத்தில் நடந்த ஆய்வு என்பதால் குழம்பியிருக்கலாம் என்கிறார்கள் சிலர். முந்தைய முடிவுகள்தான் மிகைப்பட்டுவிட்டன என்கிறார்கள் வேறு சிலர். என் கணிப்பு: நாள்பட்ட இதய நோயில் கொல்கிசினுக்கு ஓர் இடம் நிலைக்கும், புதிதாக மாரடைப்பு வந்தவருக்குக் கொடுப்பது இன்னும் வழக்காடு மன்றத்தில் நிற்கிறது.

இனி கிழங்கைப் பற்றி. படைக்குத் தண்டவாளம் போடவிடாத அதே வித்தை, அளவு மிஞ்சினால் உடம்பில் பிரிந்து வளரும் எல்லா அணுக்களையும் நிறுத்துகிறது. முதலில் வாந்தி, பேதி. பிறகு ஒன்றிரண்டு நாளில் ரத்தம், சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தளரும். பிழைத்தவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்களைத் தமிழ்நாட்டு, இலங்கை மருத்துவமனைகள் பார்த்திருக்கின்றன. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இல்லை.

மூட்டுவலிக்கு என்று யாராவது கிழங்கைப் பொடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாத்திரையை மருத்துவர் எழுதினால், சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்பதையும், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும், முக்கியமாக கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை, மறைக்காமல் சொல்லுங்கள். வேலியில் செங்காந்தள் பூத்திருந்தால் தாராளமாகப் பாருங்கள். கிழங்கை யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.